நெஞ்சளவு தண்ணீர்

"தண்ணி எம்புட்டு ஆழம்மா?" என்று கடைக்காரர் ஹரிநாராயணன் கேட்டபோது, முனீஸ்வரி வலது கையை நெஞ்சுக்குக் குறுக்கே வைத்துக் காட்டினாள். தெற்குவாசல் பக்கம் கயிறும் வலையும் இரும்புச் சாமான்களும் விற்கிற கடை அது. வாடிப்பட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்கள். அவள் புருஷன் தவசி வாசலில் போட்டிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, வலது கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டிருந்தான்.

"அடியில மணலா, சேறா?"

"சேறுதாங்கய்யா. கால வச்சா முழங்கா வரைக்கும் வாங்கும். கல்லக் கட்டிப் போட்டுப் பாத்தோம். காத்து கல்லையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போயிருது."

இருபத்திரண்டு வருஷமாக அவர்கள் படகுக்கு நங்கூரம் தேவைப்பட்டதில்லை. முதல் நாள் சாயங்காலம் கண்மாயில் வலையைக் கட்டிவிட்டு, விடிந்ததும் போய் எடுப்பார்கள். அவள் முன்பக்கம் குனிந்து உட்கார்ந்து, வலையில் செவுள் மாட்டிக் கிடக்கும் ஜிலேபியையும் கட்லாவையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் போடுவாள். அவன் பின்பக்கம் நின்று மூங்கில் கழியைச் சேற்றில் ஊன்றி, படகு நகராமல் பிடித்துக்கொள்வான். ஆடி மாதக் காற்று மேற்கிலிருந்து எவ்வளவு தள்ளினாலும் படகு ஒரு முழம் விலகாது. அவள் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. பின்னால் அவன் நிற்கிறான் என்பது தரையில் உட்கார்ந்திருப்பது மாதிரியான ஒரு நிச்சயம். பங்குனியில் ஒருநாள் காலையில் எழுந்திருக்கப் பார்த்தவன் வலப்பக்கமாகச் சாய்ந்து விழுந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு கால் கொஞ்சம் வந்தது. பேச்சு பாதி வந்தது. கை வரவில்லை.

படகு அவர்களுடையது அல்ல. கண்மாயைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் அழகுராஜாவுடையது. போன திங்கட்கிழமை அவன் வீட்டுக்கே வந்தான். வாசலில் நின்றபடியே, "அக்கா, நானும் நாலு மாசம் பாத்துட்டேன்" என்றான். "தண்ணி வத்திக்கிட்டே வருது. நீங்க வலைய எடுத்து முடிக்க உச்சி வெயிலாயிருது, பாதி மீன் செத்து நாறித்தான் வருது. ஞாயித்துக்கெழம காலையில ரெண்டு பேருமா நின்னு வலைய எடுத்துக் காட்டுங்க. முடியலேன்னா படக முத்துப்பாண்டிகிட்ட விட்டுர்றேன். தப்பா நெனைக்காதீங்க." அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் நாலு வார்த்தை திருப்பிப் பேசியிருப்பாள். அவன் தவசியின் தோளைத் தொட்டுவிட்டுப் போனான்.

ஹரிநாராயணன் உள்ளே போய் இரண்டு நங்கூரங்களைக் கொண்டுவந்து தரையில் வைத்தார். ஒன்றில் நாலு கொக்கி. "இது வேணாம். கண்மாய்க்குள்ள கருவேல மரத்து அடிமூடு கெடக்கும். மாட்டுச்சுன்னா எடுக்க முடியாது" என்று அதை அவரே ஓரமாகத் தள்ளினார். இன்னொன்றில் மண்வெட்டி இலை மாதிரி இரண்டு தகடுகள். "இது சேத்துல நல்லாப் பிடிக்கும்மா. கயிற நீளமா விடணும். ஆனா ஒண்ணு, படகு கயித்துல நின்னு அங்கிட்டும் இங்கிட்டும் சுத்தும்."

"சுத்துனா வல மேல ஏறிருமேய்யா."

"ஏறும்" என்று ஒத்துக்கொண்டார். உள்ளே பார்த்துத் தங்கள் வீட்டுப் பாஷையில் ஏதோ கேட்டார். மனைவி பதில் சொன்னதும், சுவரோரம் சாத்தியிருந்த இரும்புக் குழாய்கள் இரண்டை எடுத்துவந்தார். மரையில் ஒன்றோடொன்று முறுக்கினால் எட்டு அடி வரும். அடிமுனை கூராக வெட்டியிருந்தது. தலையில் குறுக்குப் பிடி, அதன் கீழே கயிறு கட்ட ஒரு வளையம். "அணைப் பக்கத்துல ஒருத்தர் செய்யச் சொல்லிட்டு வாங்க வரவே இல்ல. நெஞ்சளவு தண்ணிக்கு இதவிட வேற கெடையாது. குத்தி எறக்கிக் கட்டிட்டா படகு ஆணி அடிச்சாப்புல நிக்கும்." பிறகு தவசியின் மடியைப் பார்த்தார். "ஆனா யாரு குத்துவா?"

"நா... நாந்தேன்" என்றான் தவசி.

ஹரிநாராயணன் முனீஸ்வரியைப் பார்த்தார். அவளுக்குத் தகடு வைத்ததுதான் சரியென்று பட்டது. சுற்றினால் சுற்றட்டும், வலையை வேறு மாதிரிக் கட்டிப் பழகிக்கொள்ளலாம், அதைத் தண்ணீருக்குள் போட ஒரு கை போதும். ஆனால் அதைக் கையில் எடுத்தால் அவனிடம் என்ன சொன்னதாக ஆகும் என்பதும் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லாததை, அழகுராஜா சொல்லாததை, தெற்குவாசல் கடையில் ஊர் பேர் தெரியாதவர் முன்னால் அவள் சொல்ல வேண்டும். குழாயைத் தானே குத்திக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

"குழாயே குடுங்கய்யா" என்றாள்.

பஸ்ஸில் திரும்பும்போது சாக்கில் சுற்றிய குழாய்களை அவன் தொடைக்கு இடையில் நிறுத்திப் பிடித்துக்கொண்டே வந்தான். அவன் முகம் அன்றைக்குக் கொஞ்சம் தெளிந்திருந்தது. அதைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காற்று அதிகம். கரையில் அழகுராஜாவின் வண்டி நின்றது. பக்கத்தில் முத்துப்பாண்டி, பேருக்கு வேறு பக்கம் பார்த்தபடி. அவள் துடுப்புப் போட்டு வலைக்குப் பக்கத்தில் படகைக் கொண்டுபோய், ஒரு கையால் வலைக் கயிற்றைப் பற்றிக்கொண்டு மறு கையால் குழாயை எடுத்தாள். அவன் அதன் மேல் தன் இடது கையை வைத்தான்.

"குடு."

"நீங்க உக்காருங்க. நான் குத்துறேன்."

"குடு புள்ள. பாக்குறாய்ங்க."

கொடுத்துவிட்டாள். அவன் பலகையில் இடுப்பைச் சாய்த்து நின்றான். இடது கையால் குறுக்குப் பிடியைப் பற்றி, நெஞ்சை அதன் மேல் வைத்து உடம்பின் கனத்தையெல்லாம் கொடுத்து அழுத்தினான். குழாய் இறங்கியது. நிமிர்ந்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடி அழுத்தினான். இன்னும் ஒரு அடி. "எறங்குது" என்றான், திக்காமல். அவளுக்குச் சிரிப்பு வந்தது. வளையத்தில் கட்டுவதற்காகக் கயிற்றின் நுனியைத் தேடி, வலையை விட்டுவிட்டுத் திரும்பினாள்.

அந்நேரம் காற்று ஒரு அடி அடித்தது. படகின் முன்பக்கம் சட்டென்று வளைந்து விலகியது. அவன் கால் படகோடு போனது. உடம்பு குழாயோடு நின்றது. பிடியை விட்டிருந்தால் படகுக்குள்ளேயே விழுந்திருப்பான். அவன் விடவில்லை. சத்தமே இல்லாமல், படியிறங்குகிற மாதிரித் தண்ணீருக்குள் இறங்கிப் போனான். அவள் துடுப்பை எடுத்து இரண்டு மூன்று தரம் போட்டாள். படகு நின்ற இடத்திலேயே சுற்றியதே தவிர முன்னால் போகவில்லை. பிறகு பின்னால் போகத் தொடங்கியது. அவன் தலை ஒருமுறை முங்கி மேலே வந்தது. அவள் துடுப்பைப் படகுக்குள் எறிந்துவிட்டுக் குதித்தாள்.

சேறு ஒவ்வொரு காலையும் பிடித்து வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் விட்டது. சேலை காலில் சுற்றியது. அவன் பக்கம் போய்ச் சேர்ந்து, பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப் பிடித்தாள். குழாயை அக்குளில் இடுக்கியபடி அவன் இருமினான். தண்ணீர் நெஞ்சளவுதான். கையில் காட்டியது சரியாக இருந்தது.

"ஊணிருச்சு" என்றான் மூச்சு வாங்கியபடி. "பாரு... அசையல."

அவளும் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை.

கரையில் அழகுராஜா கையை வாயருகே வைத்து ஏதோ கத்தினான். காற்றில் கேட்கவில்லை. முத்துப்பாண்டி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, படகு போய் ஒதுங்கப் போகிற மடைப்பக்கமாகக் கரையோடு ஓடினான். ஆளில்லாத படகு லேசாகி, அப்படியும் இப்படியும் திரும்பிக்கொண்டு கரையோரச் சம்பம்புல்லை நோக்கிப் போனது. தவசியின் வலது கை தண்ணீர் மேலே மிதந்து கிடந்தது. அவள் அதை எடுத்துக் குழாயின் மேல் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். கையை எடுத்ததும் அவை விரிந்தன. மறுபடி மடக்கினாள்.