தொட்டியின் மொட்டைப் பக்கம்

உதவி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. ஸ்கூட்டரிலிருந்து விழுந்து வலது கை விளங்காமல் போனதிலிருந்து, பார்க்கிற அத்தனை பேரும் எனக்கு உதவி செய்வதற்கென்றே பிறந்தவர்கள்போல் அலைகிறார்கள். பொய்ப்பல் செய்கிற இடத்தில் எனக்கு வேலை. மெழுகில் கடைவாய்ப் பல்லின் பள்ளங்களைச் செதுக்கிக்கொண்டிருந்தவளை, "பாவம், உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்று முன்னறையில் போன் எடுக்க உட்கார வைத்துவிட்டார்கள். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. என் மேசையில் வேறொருத்தி உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

எனக்கென்று மிச்சமிருந்தது வீட்டு மாடியறையில் நிற்கும் நீராவி எஞ்சின் ஒன்று. நிஜ ரயில் எஞ்சினைப் பார்த்து நானே செய்கிற, இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன மாதிரி. அதற்குப் பின்னால் வரும் தண்ணீர்த் தொட்டியின் இரண்டு பக்கத் தகடுகளிலும் ரிவெட் வரிசைகள் வர வேண்டும். நிஜத் தொட்டியில் தகட்டோடு தகட்டைப் பிடித்து நிற்கும் அந்த ஆணித்தலைகள் மாதிரியில் பொடியுப்பு அளவுதான் இருக்கும். ஆனால் அவை இல்லாவிட்டால் தொட்டி வெறும் சோப்பு டப்பா.

முன்பெல்லாம் தகட்டின் பின்பக்கம் ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்திப் புடைக்க வைப்பேன். அந்த அழுத்தம் இனி என் கைக்கு வராது. அதனால் மெல்லிய படலத்தில் வரிசையாகப் பதித்து விற்கிற ரிவெட்டுகளை வாங்கினேன். ஒரு வரிசையை பிளேடால் நறுக்கி, தண்ணீரில் ஊற வைத்து, தாளிலிருந்து தூரிகையால் நகர்த்தி, தகட்டில் போட்ட பென்சில் கோட்டின் மேல் உட்கார வைக்க வேண்டும். காய்ந்த பிறகு பெயின்ட் அடித்தால் படலம் மறைந்து ஆணித்தலை மட்டும் நிற்கும்.

இடது கையால் ஆரம்பித்தேன். முதல் வரிசை, குடித்துவிட்டு வீடு திரும்புகிறவன் நடைபோல் போனது. துடைத்துவிட்டு மறுபடி ஒட்டினேன். அதுவும் போயிற்று. எத்தனை வரிசையைத் துடைத்தெறிந்தேன் என்று கேட்காதீர்கள். ஒரு வழியாக வலது பக்கம் முடிந்தபோது, சும்மா சொல்லக் கூடாது, கிட்டத்தட்ட நேராகவே இருந்தது. சந்தோஷத்தில் விசிலடித்தேன். கீழே அண்ணி குக்கர் என்று நினைத்து அடுப்பை அணைத்துவிட்டாளாம்.

எங்கள் மாதிரி ரயில் சங்கம் நடத்தும் கண்காட்சிக்கு முந்தைய நாள் வேலை முடிந்து வந்தால், நான் தொடாத இடது பக்கமும் முடிந்திருந்தது. ஒவ்வொரு வரிசையும் ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் இருந்தது. அறையில் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு நின்றான். சங்கத்துக்கு அவன்தான் தலைவன்.

"எப்படி இருக்கு? லீவு போட்டு உக்காந்துட்டேன்ல."

"யாரு கேட்டா உன்ன?"

"கூடப் பொறந்தவன் கேட்டுட்டுத்தான் செய்யணுமா? உன் பக்கத்தையும் சுரண்டிட்டு ஒட்டித் தர்றேன், ரெண்டும் ஒரே மாதிரி ஆயிடும். உன் பேரத்தான் போடுவோம், கவலப்படாத."

"என் பக்கத்துக்கு என்ன?"

அவன் கொஞ்சம் தயங்கினான். "நடுவரா அந்தப் பூதக்கண்ணாடிதான் வருவாரு. ஒவ்வொரு ஆணியா எண்ணுற மனுஷன். நாலு பேர் உன்னப் பாத்துச் சிரிக்கக் கூடாதுல்ல."

அவன் கண்ணில் பாசம்தான் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. திட்டினால் திருப்பித் திட்டலாம், பாசத்தை என்ன செய்வது? என் பக்கத்தைத் தொட்டால் நடப்பதே வேறு என்று மட்டும் சொல்லி அவனைக் கீழே அனுப்பினேன்.

பிறகு செலோடேப்பை எடுத்தேன். பெயின்ட் அடிக்காததால், டேப்பை ஒட்டி இழுத்ததும் அண்ணன் ஒட்டிய ரிவெட்டுகள் வரிசை வரிசையாகப் பெயர்ந்து வந்தன. டீயோடு வந்த அண்ணி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஐயோ, என்னம்மா பண்ற? சாப்பிடக்கூட எந்திரிக்காம செஞ்சாரும்மா. நல்லாத்தானே இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்கு அண்ணி. ஆனா அது அவன் செஞ்சது. ஏற்கெனவே ஒரு மேசையிலேர்ந்து எழுப்பி விட்டுட்டாங்க. இதுலேர்ந்தும் எந்திரிக்க மாட்டேன்."

அண்ணி டீயை வைத்துவிட்டு, தொட்டி நகராமல் இருக்க அதைப் பிடிக்க வந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். நல்ல பொம்பளை.

மறுநாள் கண்காட்சி மண்டபத்தில் மொட்டைப் பக்கம் கூட்டத்தைப் பார்க்கும்படி எஞ்சினை வைத்தேன். அண்ணன் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு வேகமாக வந்தான்.

"திருப்பி வை. மானத்த வாங்காத."

"உன் மானம் உன் மேசையில பத்திரமா இருக்கு. இது என் மேச."

அதற்குள் பூதக்கண்ணாடியும் வந்துவிட்டார். லென்ஸை ஒற்றைக் கண்ணில் வைத்துக் குனிந்தார்.

"என்னம்மா, ஒரு பக்கம் மொட்டையா இருக்கு?"

"தங்கச்சிக்குக் கை சரியில்ல சார், அதான்..." என்று அண்ணன் முந்திக்கொண்டான்.

"கை இருக்கு சார்," என்றேன். குரல் எகிறிவிட்டது, பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள். "அந்தப் பக்கத்த நான் இன்னும் செய்யல. இப்ப செய்யப் போறேன். பாக்கணும்னா இருந்து பாருங்க."

பையிலிருந்து பிளேடு, தூரிகை, தண்ணீருக்கு ஒரு மூடி, ஈரத்துணி, ரிவெட் தாள் எல்லாவற்றையும் எடுத்துப் பரப்பினேன். விளங்காத வலது கையைத் தொட்டியின் மேல் பாரமாகக் கிடத்தி, இடது கையால் முதல் வரிசையை நறுக்கினேன். ஆட்கள் கூடிவிட்டார்கள். எவனோ சிரித்தான். சிரித்துவிட்டுப் போகட்டும். படலம் நழுவி வந்தது. தொட்டி லேசாக ஆடியது. அண்ணனின் கை என் தோளுக்கு மேலாக வந்து தொட்டியைப் பிடித்தது.

"கைய எடு அண்ணா."

"ஆட்டம் காணுதும்மா..."

"காணட்டும். எடு."

எடுத்தான். வரிசை கோணலாகத்தான் விழுந்தது, மண்டபமே பார்க்க. ஈரத்துணியால் துடைத்துவிட்டு அடுத்ததை நறுக்கினேன்.