கொடியில் காயாத சட்டை

எங்கள் தெருவில் யார் வீட்டுக் கொடியில் என்ன காய்கிறது என்று என்னைக் கேட்டால் சொல்லிவிடுவேன். இதைக் கெட்ட பழக்கம் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். அவர்கள் வீட்டுத் துண்டில் எத்தனை ஓட்டை என்பதும் எனக்குத் தெரியும். எதிர்வீட்டு மாடியில் குடியிருக்கும் காலர்க்காரியின் கொடியில் மூன்று வருடமாக ஓர் ஆண்பிள்ளைச் சட்டை காய்ந்ததில்லை.

காலர்க்காரி என்றால் சட்டைக்குக் காலர் தைப்பவள். துணி ஆலையில் இருநூறு மெஷினுக்கு நடுவே உட்கார்ந்து நாள் முழுக்கக் காலர் மட்டுமே தைப்பாள். புருஷன் பட்டாளத்தில் இருக்கிறான். வேலை பார்க்கும் ஊரில் வேறொருத்தியோடு குடித்தனம். இது தெருவுக்கே தெரியும். தெருவுக்குத் தெரியும் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. "லீவு கெடைக்கலக்கா, எல்லைல டியூட்டி" என்பாள். "பாவம், நாட்டுக்காக ஒழைக்கிறாரு" என்போம் நாங்கள். அவள் படியேறிக் கதவைச் சாத்தியதும் மிச்சத்தைப் பேசிக்கொள்வோம்.

ஏழு வயதில் ஒரு பெண். நோஞ்சான், எதையாவது கொறித்துக்கொண்டே இருக்கும், அதனால் அதற்குப் பேர் சுண்டெலி. பிறந்தநாள் வந்தால் அப்பா கொடுத்ததாக அதற்கு ஒரு பரிசு வந்துவிடும். அதை அம்மாக்காரி மூன்று தெரு தள்ளி ஒரு கடையில் பேரம் பேசி வாங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த வருடம் ஆலையில் ஆர்டர் படுத்துவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. வெளியூரில் இருக்கும் அவள் அக்கா, "நீ பட்டினி கெட, பிள்ளைய ஏன் போடுற? நான் வளக்கிறேன்" என்று ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போவதாக நாளும் குறித்துவிட்டாள்.

அதற்கு ரொம்ப முன்பே, வேலை குறைந்த மாதத்திலேயே, காலர்க்காரி ஒரு காரியம் செய்திருந்தாள். பட்டாளத்தான் பிள்ளையைக் கவனிக்காவிட்டால் கோர்ட்டுப் படி ஏற வேண்டாமாம். அவன் மேலதிகாரிக்கு மனு எழுதினால் போதுமாம், சம்பளத்திலேயே பிள்ளையின் பங்கைப் பிடித்து நேரே தாய்க்கு அனுப்பிவிடுவார்களாம். ஆலையில் யாரோ சொல்ல, எழுதிவிட்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. என்னிடம்கூட! அங்கேதான் வந்தது வினை.

மேலதிகாரி உடனே பிடித்துவிடுவாரா? அவனிடம் விளக்கம் கேட்டார். "மாதாமாதம் கையில் கொடுக்கிறேன். லீவுக்கு வீட்டுக்குத்தான் போகிறேன். அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொள்ளலாம்" என்று எழுதிக் கொடுத்தான். எங்களை எப்படித்தான் அளந்து வைத்திருந்தானோ, பாவி.

படைவீரர் நல அலுவலகத்திலிருந்து ஒரு கண்ணாடிக்காரர் ஃபைலும் கையுமாக வந்தார். பகல் பதினொரு மணி, காலர்க்காரி ஆலையில் இருந்தாள். முன்பின் தெரியாத ஆள் ஒரு பெண்பிள்ளையின் குடும்பத்தைத் துருவுகிறார். எங்களுக்குள் நாங்கள் எப்படி வேண்டுமானாலும் கிழிப்போம். வெளியாள் முன்னால் விட்டுக்கொடுப்போமா?

"அவங்க வீட்டுக்காரர் வந்து போறாராம்மா?"

"வராம? லீவுன்னா பிள்ளையத் தோள்ல தூக்கிட்டுத்தான் திரிவாரு" என்றாள் கீழ்வீட்டு நர்ஸ்.

"செலவுக்கு?"

"அதெல்லாம் மனுஷன் கொறையே வெக்கமாட்டாரு" என்றார் சைக்கிள் கடைக்காரர்.

நான் மட்டும் சும்மா இருப்பேனா? "போன லீவுல அவரு சட்டை அந்தக் கொடிலதான் காஞ்சுது. மழை வருதுன்னு நான்தான் குரல் குடுத்தேன்" என்றேன். மழை என் சொந்தச் சரக்கு.

எல்லாவற்றையும் எழுதி, எங்களிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனார். ஒரு குடும்பத்தின் மானத்தைக் காப்பாற்றிய களைப்பில் அன்று நன்றாகத் தூங்கினேன்.

பத்தாம் நாள், ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், அந்த நல அலுவலகத்திலிருந்து அவளுக்குக் கடிதம் வந்தது. அக்கம்பக்கத்தார் சாட்சிப்படி மனுவைத் தள்ளலாம் என்று தோன்றுகிறது. மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் பிள்ளையோடும் சாட்சியோடும் வரவும். கூடவே எங்கள் வாக்குமூலத்தின் நகல்.

கதவைக்கூடத் தட்டாமல் என் வீட்டுக்குள் வந்து நின்றாள்.

"எந்த மழைக்கா?"

"ஒன் மானம் போயிடக்கூடாதேன்னுதான்டி…" என்று இழுத்தேன்.

"மானம் இருக்குக்கா. நெறையவே இருக்கு. எம் பொண்ணுதான் ஞாயித்துக்கிழமைக்கு மேல இருக்கமாட்டா."

அன்று இரண்டு பேரும் வீடு வீடாக ஏறி இறங்கினோம். நர்ஸுக்கு அவசர டியூட்டியாம். "பட்டாளத்தான் நாளைக்கு வந்து என் சட்டையப் பிடிச்சா நீங்களா வருவீங்க?" என்றார் சைக்கிள் கடைக்காரர். ஊர்வாயை மூட முடியாது என்பார்கள். உண்மையை எழுதித் தரச் சொல்லி ஒரு வெள்ளைத் தாளை நீட்டிப் பாருங்கள், தானாக மூடிக்கொள்ளும்.

ஆகவே மறுநாள் அந்த அலுவலகத்தில் நான் ஒருத்திதான் சாட்சி.

"சட்ட காயறதப் பாத்தேன்னு கையெழுத்துப் போட்டீங்களே?" என்றார் கண்ணாடிக்காரர்.

"போட்டேன். பொய் சார்."

"இன்னிக்குச் சொல்றது?"

"சத்தியம்."

"நாளைக்கு?"

வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவர் என்னை ஒதுக்கிவிட்டுச் சுண்டெலியைப் பக்கத்தில் அழைத்தார். "அப்பாவ எப்பம்மா பாத்த?"

"போன லீவுக்கு அப்பா வந்தாரு" என்றது அது, பாடம் ஒப்பிப்பதுபோல் நிமிர்ந்து. "நான் தூங்கிட்டேன். எழுப்ப வேணாம்னு சொல்லி, நெத்தில முத்தம் குடுத்துட்டு டியூட்டிக்குப் போயிட்டாரு. ஸ்கூல் பேக் வெச்சுட்டுப் போனாரு."

அவர் பேனாவை மூடினார். "இதுக்கு மேல நான் என்னம்மா எழுதறது?"

காலர்க்காரி தரையில் மண்டி போட்டு, பிள்ளையின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள்.

"அந்தப் பேக் அம்மா வாங்கினது கண்ணு. எல்லாமே அம்மா வாங்கினது. அப்பா வரல."

"முத்தம்?"

"அதுவும் அம்மாதான்."

சுண்டெலி அழவில்லை. அழுதிருந்தால் தேவலாம். நெற்றியைப் புறங்கையால் ஒரு தடவை தேய்த்துக்கொண்டது.

கண்ணாடிக்காரர் பேனாவைத் திறந்து, குரலைத் தணித்துக் கேட்டார். "அப்பாவ எப்ப பாத்த பாப்பா?"

"தெரியாது சார்."

அதைத்தான் எழுதினார். "மேல அனுப்பறேன். ஆனா ஒங்க வீட்டுக்காரர் இப்ப வேற யூனிட்டுக்கு மாறிட்டாரு. அங்க இருக்கற அதிகாரி மொதல்லேர்ந்து பாக்கணும். மூணு மாசம் ஆகும்."

"ஞாயித்துக்கிழம சார்" என்றாள் காலர்க்காரி.

"என்னம்மா ஞாயித்துக்கிழம?"

அவள் கடிதத்தை நாலாக மடித்துக்கொண்டு எழுந்தாள்.

படியில் இறங்கும்போது பிள்ளைக்குக் கையை நீட்டினாள். சுண்டெலி அந்தக் கையைப் பிடிக்காமல் சுற்றிக்கொண்டு வந்து என் விரலைப் பிடித்தது.

"ஆன்ட்டி, பெரியம்மா ஊருக்கு எத்தன மணிக்கு வண்டி?"

இரண்டு படி பின்னால் வந்துகொண்டிருந்தவள்தான் சொன்னாள்.

"காலைல ஒம்பது பத்துக்கு."