பக்கத்து இருக்கை

வேகமாகப் போய் மாட்டிக்கொண்டவர்களின் முகங்களைப் பார்ப்பதுதான் என் வேலை. பெருமைப்பட அதில் ஒன்றுமில்லை. ஜன்னலில்லாத அறை, ஐந்து திரைகள், ஐந்து பேர், ஒரே ஒரு ஏசி. அந்த ஏசியும் என் கழுத்தைக் குறிவைத்துத்தான் வீசும். சாலையோரக் கம்பத்தில் இருக்கும் கேமரா, வேகம் தாண்டிய வண்டியை முன்பக்கமாகப் படம் எடுத்து அனுப்பும். நம்பர் பலகை தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து, ஓட்டுபவருக்குப் பக்கத்தில் யாராவது இருந்தால் அவர் முகத்தின்மேல் ஒரு சாம்பல் கட்டத்தை இழுத்து மூடிவிட்டு, அடுத்த படத்துக்குப் போகவேண்டும். பக்கத்தில் இருப்பவர் தப்பு எதுவும் செய்யவில்லை. அவர் யாரோடு எங்கே போனார் என்பது வெளியே தெரியக்கூடாது என்பது சட்டம். ஊரில் பல குடும்பங்கள் இன்னும் குடும்பமாக இருப்பதற்கு எங்கள் சாம்பல் கட்டம்தான் காரணம் என்று நாங்கள் சொல்லிச் சிரிப்போம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த முகங்கள் தமாஷாக இருந்தன. மூக்கு நோண்டுபவர்கள், வாய் கிழியப் பாடுபவர்கள், தனியாகப் போகும்போதும் யாரையோ திட்டிக்கொண்டே போகிறவர்கள். இப்போது எதுவும் மண்டையில் ஏறுவதில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் கணவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கக்கூட அலுப்பாக இருக்கிறது. அவர் அதைக் கோபம் என்று நினைத்துக்கொண்டு, சொல்லாமலேயே பாத்திரம் கழுவி வைக்கிறார். நானும் திருத்தவில்லை.

வாரத்தில் ஒரு நாள் கவுண்டர் வேலை. திட்டு வாங்குவதற்கென்றே போட்ட நாற்காலி அது. என் வண்டி தள்ளினாலும் அவ்வளவு வேகம் போகாது என்பார் ஒருவர். வயிற்றைக் கலக்கிவிட்டது என்பார் இன்னொருவர். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

அன்று வந்தவர் சாக்கு எதுவும் சொல்லவில்லை. ஐம்பது தாண்டியவர். விரல்களில் பழைய வெட்டுத் தழும்புகள். ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்டி, வேனில் ஏற்றிக்கொண்டுபோய் மாட்டிக்கொடுக்கிறவர் என்று பிறகு தெரிந்தது. எங்கள் அறையில் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. படம் அச்சடித்த நோட்டீஸைத் தடுப்புக்குக் கீழே தள்ளினார். கடைசி நினைவூட்டல். இதற்கும் அசையவில்லை என்றால் லைசென்ஸை முடக்கிவிடுவார்கள்.

“இத்தனை தடவை அனுப்பியிருக்கோம். ஏன் சார் கட்டல?”

“இந்தப் படத்துல பக்கத்துல இருக்கறது என் வீட்டுக்காரி. முகத்த மறைச்சிருக்கீங்க. அத எடுத்துட்டு ஒரு காப்பி குடுங்க, கட்டிடறேன்.”

“அதெல்லாம் தரமுடியாது சார். வேணும்னா அவங்க நேர்ல வந்து எழுதிக் குடுக்கட்டும்.”

“அவ இல்லம்மா.”

ஊருக்குப் போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, “வந்ததும் வரச்சொல்லுங்க” என்றேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. “ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறப்ப எடுத்த படம்மா இது” என்றார். என் வாயில் மண்ணைப் போட வேண்டும் போல இருந்தது.

“நான் கண்ணாடி ஏத்தறவன். நாப்பதுக்கு மேல மிதிச்சதே கிடையாது. சைக்கிள்காரன்கூட என்னைத் தாண்டிட்டுப் போவான். அன்னிக்கு வேன்ல நாலு கண்ணாடி கெடந்துது, எறக்கி வைக்கக்கூட இல்ல. அப்படியே அவளத் தூக்கி உக்காரவச்சு மிதிச்சேன். ரெண்டு போற வழியிலயே ஒடஞ்சுபோச்சு.”

பாலம் ஏறுகிறவரை அவள் முனகிக்கொண்டிருந்தாளாம். பாலம் இறங்கியதும் சத்தம் நின்றுவிட்டது. திரும்பிப் பார்க்க அவருக்குப் பயம். அந்த வேகத்தில் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவும் முடியவில்லை. இதோ வந்தாச்சு, இதோ வந்தாச்சு என்று பேசிக்கொண்டே ஓட்டியிருக்கிறார். ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் முன்னாலேயே உயிர் போய்விட்டது என்றாராம். கொஞ்ச நேரம் என்றால் எவ்வளவு என்று கேட்க இவருக்குத் தோன்றவில்லை.

“உங்க கேமரா பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கு. அந்த எடத்துல அவ இருந்தாளா, போயிட்டாளா? நான் யார்கிட்ட பேசிக்கிட்டு வந்தேன்னு எனக்குத் தெரியணும்மா. வேற ஒண்ணும் வேணாம்.”

வரிசையில் பின்னால் நின்ற ஆள் உச்சுக்கொட்டினார். வேகமாகப் போய் மாட்டினவர்தானே, கவுண்டரிலும் அவருக்கு அவசரம்.

“ஆஸ்பத்திரி சீட்டு இருக்கில்ல?” என்றேன். “அதோட ஒரு மனு குடுங்க. அபராதம் மொத்தமா தள்ளுபடி ஆயிடும். யாரும் ஒரு கேள்வி கேக்கமாட்டாங்க.”

“அப்ப படம்?”

“கேஸ் முடிஞ்சா படம் தானா அழிஞ்சிடும். நீங்க கட்டினாலும் சரி, அவங்க தள்ளுபடி பண்ணாலும் சரி.”

“எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. என் மச்சான் மனுவே எழுதி எடுத்துட்டு வந்துட்டான். நான்தான் கிழிச்சுப் போட்டேன்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனிதர் கட்டாமல் இருப்பது பணம் இல்லாததால் அல்ல. கேஸ் உயிரோடு இருக்கிறவரை அவள் முகம் எங்கள் கணினியில் இருக்கும் என்பதற்காக, பிழைப்பையே பணயம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். லைசென்ஸ் போனால் கண்ணாடியைத் தலையிலா சுமப்பார்?

குரலைத் தாழ்த்தினேன். “நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. நோட்டீஸ் பின்பக்கம், குற்றத்தை மறுக்கிறேன்னு ஒரு எடம் இருக்கு பாருங்க. அதுல டிக் போட்டுக் குடுங்க. விசாரணைக்குக் கூப்பிடுவாங்க. அங்க மறைக்காத படத்தத்தான் காட்டணும்.”

“நான் வேகமாத்தானே போனேன். எப்படிம்மா மறுக்கறது?”

“அண்ணே, டிக் மட்டும் போடுங்க.”

போட்டார். ஏதோ பொய்ச்சாட்சி சொல்கிறவர் போலச் சுற்றிலும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

ராத்திரி சாப்பிடும்போது கணவரிடம் சொன்னேன். நான் வாயைத் திறந்ததே அவருக்கு ஆச்சரியம். கேட்டு முடித்துவிட்டு, “சரி, அந்தம்மா கண்ணு மூடியிருந்தா என்ன பண்ணுவ?” என்றார். இந்த மனுஷனுக்கு எங்கே கை வைத்தால் வலிக்கும் என்பது மட்டும் எப்படித்தான் தெரியுமோ. அதற்குமேல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் அந்தப் படத்தைத் திறந்தேன். திறக்கிறவர் பெயர் பதிவாகும், ஏன் என்று கேட்டால் பதில் சொல்லவேண்டும். கேட்கட்டும் என்று திறந்தேன். சாம்பல் கட்டத்தை நீக்கினால், தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருக்கிறது, வாய் லேசாகத் திறந்திருக்கிறது, கண்கள் மூடியிருக்கின்றன. கட்டத்தை இழுத்தவர் யார் என்று ஓரத்தில் ஒரு எண் இருக்கும். என்னுடைய எண். இந்த முகத்தை நான்தான் மூடியிருக்கிறேன், எனக்கு நினைவே இல்லை. அவள் போய்விட்டாள் என்பதைவிட அதுதான் என்னை அதிகம் சுட்டது.

அவரைக் கூப்பிட்டு, வரவேண்டாம், மனுவைக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிடலாம் என்று ஃபோனை எடுத்தேன். என்ன காரணம் சொல்வது? வைத்துவிட்டேன். எவ்வளவோ பேருக்கு எவ்வளவோ கெட்ட செய்தியைக் கடுதாசியில் அனுப்புகிற அலுவலகம்தான், ஆனால் குரலில் சொல்லும் தெம்பு என்னிடம் இல்லை.

விசாரணை அறையில் திரையை இயக்குவது எங்கள் பிரிவின் பொறுப்பு. அன்றைக்கு என் முறை இல்லை. மாற்றிக் கேட்டு வாங்கினேன். விசாரணை அதிகாரி ஓய்வு பெறப் போகிறவர். ஒரு மணி என்றால் ஒரு மணிக்கு அவருடைய சாப்பாட்டு டப்பா திறந்தாகவேண்டும், வானமே இடிந்து விழுந்தாலும் சரி. கண்ணாடிக்காரரின் கேஸ் மதியத்துக்கு முன் கடைசி கேஸாக வந்தது. துவைத்துத் தேய்த்த சட்டையில் வந்திருந்தார். கைபேசியை விதிப்படி வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள்.

“குற்றத்த மறுக்கறீங்க. என்ன காரணம்?”

அவர் என்னைப் பார்த்தார். நான் விசைப்பலகையைப் பார்த்தேன்.

“படத்தப் பாத்துட்டு சொல்றேங்க.”

முதல் படத்தைப் போட்டேன். சுவர் அகலத் திரையில் வேனின் முன்பக்கம். ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்தது போல அவர். பக்கத்தில் அவள், மூடிய கண்களோடு.

அவர் திரையையே பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையாட்டினார், எதிர்பார்த்த விலையையே கடைக்காரன் சொன்னது போல. “சரிங்க” என்றார். “நான்தான் ஓட்டினேன். வேகமாத்தான் போனேன். கட்டிடறேன்.”

“இதுக்கா இவ்வளவு தூரம்?” என்று அதிகாரி பேனாவை எடுத்தார்.

அதிகாரி கையெழுத்துப் போட்டால் கேஸ் முடிந்தது, படம் அழிந்தது. அப்படி மூடிய கண்ணாகவே இருந்தாலும் அவள் முகம் இன்னும் இரண்டு நிமிஷம் சுவரில் இருக்கட்டும் என்று எனக்குத் தோன்றியது. அதற்குமேல் எனக்கு எந்த எண்ணமும் இல்லை. “சார், ரெண்டாவது படத்தையும் காட்டணும்” என்றேன்.

“அவர்தான் ஒத்துக்கிட்டாரே.”

“ரெண்டையும் காட்டினாத்தான் விசாரணை செல்லும். விதி சார்.”

கேமரா ஒவ்வொரு வண்டியையும் இரண்டு தடவை எடுக்கும், அரை விநாடி இடைவெளியில். சாலையில் போட்டிருக்கும் வெள்ளைக் கோடுகளை வைத்து, அதற்குள் வண்டி எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று சரிபார்க்க. அது அளவுப் பிரிவுக்குப் போகிற படம், எங்கள் கண்ணில் படாது. அவர்களும் கோட்டையும் சக்கரத்தையும் பார்ப்பார்களே தவிர முகத்தைப் பார்க்கமாட்டார்கள்.

“வேணாம்மா, விடுங்க” என்றார் கண்ணாடிக்காரர்.

நான் விசையைத் தட்டினேன்.

வேன் சில கோடுகள் முன்னால் வந்திருந்தது. அவர் அப்படியேதான் இருந்தார், சாலையைப் பார்த்தபடி. அவள் கண்களைத் திறந்திருந்தாள். தலை ஜன்னலிலிருந்து அவர் பக்கம் திரும்பியிருந்தது. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

“இருந்திருக்கா” என்றார் கண்ணாடிக்காரர். எழுந்து திரைக்குக் கிட்டே போனார். “கேட்டுக்கிட்டுத்தான் வந்திருக்கா.” அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. அடுத்த நொடி அது இருந்த இடம் தெரியவில்லை. “என்னத்தான் பாக்கறா. நான் ரோட்டப் பாத்துக்கிட்டு இருக்கேன். ஒரு தடவ திரும்பியிருக்கலாம்.”

“அந்த வேகத்துல திரும்ப முடியாதுண்ணே” என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

“ஒரு தடவம்மா” என்றார்.

இத்தனை நாளும் அவருக்கு ஒரு கேள்விதான் இருந்தது. நான் அதைத் தீர்த்துவைத்து, அதைவிடக் கனமானதைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன் என்று தோன்றியது. என்மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது. விதி, விதி என்று ஏன் வாயைத் திறந்தேன்?

அதிகாரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பேனாவை மூடி வைத்தார். “உத்தரவு சாப்பிட்டு வந்து போடறேன்” என்றார். கதவு வரை போய், என்னைத் திரும்பிப் பார்க்காமலேயே, “திரைய அணைக்காதம்மா. அணைச்சா மறுபடி வர ரொம்ப நேரமாகும்” என்றார்.

பச்சைப் பொய். தட்டினால் வரும் திரை அது.

நானும் வெளியே வந்தேன். கதவைச் சாத்தும்போது ஒரு தடவை உள்ளே பார்த்தேன். கண்ணாடிக்காரர் ஒரு நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்திருந்தார். ஏதோ பேசிக்கொண்டிருந்தார். கண்ணை அவளை விட்டு எடுக்கவே இல்லை.

வேறு யாரும் உள்ளே போய்விடாதபடி வாசலிலேயே நின்றுகொண்டேன். சாப்பாட்டு நேரம் முடிய இன்னும் முக்கால் மணி இருந்தது.