எட்டு மில்லி கனத்தில் பதினெட்டு முட்டைகள்

1

இந்தக் கதை என் கைக்குப் பாதி முட்டையாகத்தான் வந்தது. மறைக்க என்ன இருக்கிறது? மைத்துனர் வேலை செய்யும் இரும்பு வார்ப்பாலையில், ஓய்வுநாள் மதியச் சாப்பாட்டுக்கு ஓசியில் போயிருந்தேன். யாரோ தட்டில் வைத்தார்கள். அவித்த முட்டையைச் சுற்றி சாசேஜ் இறைச்சி, கரியடுப்பில் வாட்டியது. நடுவில் மஞ்சள், சுற்றிலும் வெள்ளை, அதற்கு வெளியே பழுப்பு வளையம். காம்பஸ் வைத்துப் போட்டது போன்ற வளையம். இரண்டே வாயில் உள்ளே தள்ளிவிட்டேன். விழுங்கிய பிறகுதான் அது சாட்சிப் பொருள் என்று தெரிந்தது.

ஆக, ஆதாரத்தைத் தின்றவன் எழுதும் கதை இது. அதற்குத் தக்கபடி நம்புங்கள்.

2

எழுதிக் கிழித்த தொடக்கங்கள்:

"கரி கனன்றுகொண்டிருந்தது. அவள் மனமும்" — வேண்டாம். அவள் மனம் கனன்றதை நான் பார்க்கவில்லை. கரியைப் பார்த்தேன்.

"உழைக்கும் கரங்களின்" — முடிக்கவே கூச்சமாக இருக்கிறது. கூலி வேலை பார்க்கும் வீட்டில் யாரும் அதைக் கரம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. கை. நன்றாக இருந்தாலும் கை, நசுங்கினாலும் கை.

மூன்றாவது இது. அந்த முட்டையைச் செய்தவள் பதினோரு வருஷமாக இந்த ஆலையில் மோல்டர். இரும்புப் பெட்டிக்குள் மண்ணை இடித்து இறுக்கி, உருகிய இரும்பை ஊற்ற அச்சு செய்கிற ஆள். நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு பெட்டி சரிந்து வலது கையில் விழுந்தது. மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்குவதை நிறுத்திக்கொண்டன. அன்றிலிருந்து ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குக் கையுறை எடுத்துக் கொடுக்கிறாள். திங்கட்கிழமை புது ஆர்டருக்கான மோல்டர் பட்டியல் ஒட்டப்போகிறார்கள். அதில் பெயர் வராவிட்டால் காலத்துக்கும் கையுறைதான்.

போதும். இதிலிருந்தே போகலாம்.

3

பட்டியல் எழுதுகிறவர் போர்மேன். கெட்ட மனுஷன் கிடையாது. (கெட்டவராக வைத்திருந்தால் எனக்குப் பாதி வேலை மிச்சம்.) சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா குத்துகிற இடத்தில் அவர் வெர்னியர் குத்தியிருப்பார். கனம் அளக்கிற அந்தக் கருவியோடுதான் கல்யாணத்துக்கும் போவார், துக்கத்துக்கும் போவார்.

அவளிடம் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்: "உன் கை ஒரு பக்கம் அழுத்தும், ஒரு பக்கம் விட்டுடும்மா. உள்ள கோர் ஒதுங்கினா சுவர் ஒரு பக்கம் தடிக்கும், ஒரு பக்கம் மெலியும். அத்தனையும் உடைச்சுத்தான் போடணும்."

கோர் என்பது அச்சின் நடுவில் உட்கார வைக்கிற மண்கட்டி. அது உட்கார்ந்த இடம் வார்ப்பில் பொந்தாகும். சுற்றி நிற்கிற இரும்புதான் சுவர்.

[முட்டைக் கதை என்றுதானே உட்கார்ந்தோம், இதென்ன மண்ணும் இரும்பும் என்கிறவர்கள் பொறுங்கள். முட்டைதான் கோர்.]

4

முதல் வரைவில் எல்லாவற்றையும் அவள் முன்கூட்டியே திட்டம் போட்டுச் செய்தாள். பொய். ரோஷத்தில் செய்தாள்.

ஓய்வுநாள் சாப்பாட்டுக்கு ஒவ்வொரு பிரிவும் ஒரு பதார்த்தம் கொண்டுவர வேண்டும். ஸ்டோர் ரூம் என்ற பிரிவில் இருப்பது அவள் ஒருத்தி. அதே ஆலையில் உலைக்காரனாக இருக்கும் அவள் கொழுந்தன், அண்ணி இந்தத் தடவை கிளவுஸை அவித்துக் கொண்டுவரப் போகிறார் என்று நாலு பேர் நடுவில் சொல்லி வைத்தான். மறுநாளே இருபத்து நான்கு முட்டை வாங்கினாள்.

ஆலைக்குப் பின்னால் ஒரு டிரம்மை நீளவாக்கில் பிளந்து, ஒரு பாதியை அடுப்பாகவும் மறுபாதியை மூடியாகவும் வைத்திருந்தார்கள். வீட்டிலேயே அவித்து உரித்த முட்டைகளோடு வந்தவள், கவிழ்த்துப் போட்ட பெட்டிமேல் உட்கார்ந்தாள். சாசேஜின் தோலைக் கீறி இறைச்சியைப் பிதுக்கினாள். உள்ளங்கையில் தட்டி, நடுவில் முட்டையை வைத்து மூடினாள். ஆறு உருண்டை முடிந்ததும், பையிலிருந்து கம்பி எடுத்து ஒவ்வொன்றிலும் ஒன்பது ஓட்டை குத்தினாள்.

ஏன் குத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. மண் அச்சில் அப்படி 'வென்ட்' குத்தாவிட்டால் ஆவி போக வழியில்லாமல் உருகிய இரும்பு முகத்தில் துப்பும். பதினோரு வருஷம் குத்திய கை, இறைச்சியையும் மண் என்று எடுத்துக்கொண்டது.

கொழுந்தன் தன் பங்குக்கு உதவினான். உலைக்காரனுக்குத் தெரிந்தது ஒரே நெருப்பு. இருந்த கரியை எல்லாம் நடுவில் குவித்து ஊதிவிட்டான். ஒன்பது ஓட்டை வழியாகவும் கொழுப்பு ஒழுகிக் கரியில் விழ, தீ ஆள் உயரத்துக்கு எழும்பியது. இறைச்சி கழன்று விழுந்து, ஆறு முட்டையும் கோவணம் அவிழ்ந்த மாதிரி நின்றன.

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "அண்ணி, முட்டையிட்ட கோழிக்குத்தான் வலி தெரியும்பாங்க. இதப் பார்த்தா அது மறுபடி இடவே இடாது" என்றான்.

போர்மேன் மட்டும் குனிந்து, கழன்று கருகிய இறைச்சி ஓடு ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஓட்டைகளுக்கு நடுவில் ஒரே இடைவெளி.

"வென்ட் குத்தியிருக்க."

"பழக்கம் சார்."

"பழக்கம் போகலன்னு தெரியுது. கைதான் கேள்வி."

5

இந்த இடத்தில் இரண்டு நாள் நின்றுவிட்டேன்.

[முதல் வரைவில் பத்தாவது முட்டையில் சுண்டு விரல் மெல்ல மடங்கியது. அவள் கண்ணீர் — அடித்துவிட்டேன். நரம்பு செத்த விரல் என் கதைக்காக மடங்காது.]

நடந்ததைச் சொல்கிறேன். மீதி பதினெட்டு. கம்பியைப் பைக்குள் போட்டாள். கரியை இரண்டு ஓரத்துக்கும் தள்ளக் கொழுந்தனிடம் சொன்னாள். "நடுவுல ஒரு துண்டு இருக்கக்கூடாது. மூடியப் போட்டா அரை மணி நேரம் அதையும் தொறக்காத, வாயையும் தொறக்காத."

முட்டைகளை ஈரம் போகத் துடைத்து, மாவில் புரட்டினாள். தட்டி, வைத்து, மூடினாள். விரல் செய்ய வேண்டிய அழுத்தத்தை உள்ளங்கையின் அடிமேடு எடுத்துக்கொண்டது. மடங்காத இரண்டு விரலும் வேலிக்கல் மாதிரி நிமிர்ந்து நின்றன. கட்டைவிரல் உருட்ட உருட்ட, உருண்டை அந்த வேலியில் உரசிச் சுழன்றது. துருத்திய இடம் தானாக அடங்கியது. ஐந்தாவது முட்டையில் அவளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. வேகத்தைக் கூட்டினாள்.

நான்கு மாதமாக அந்தக் கையால் எது முடியாது என்றுதான் எல்லோரும் பார்த்தார்கள். எது முடியும் என்று பார்க்க ஒரு பிடி மண்கூட யாரும் கொடுக்கவில்லை.*

* இறைச்சியை உருட்டுவதும் மண்ணை இடிப்பதும் ஒன்றா என்று எனக்கும் சந்தேகம்தான். இன்னொரு மோல்டரிடம் கேட்டேன். "இறைச்சி வழுக்கும் சார். மண்ணு சொன்ன பேச்சு கேக்கும்" என்றார்.

6

அரை மணி கழித்துக் கொழுந்தன் மூடியைத் தூக்கினான். பதினெட்டும் பழுப்பாக, மினுமினுவென்று, வரிசை கலையாமல் இருந்தன. ஒன்றில்கூடக் கீறல் இல்லை. வறுபட்ட கொழுப்பின் வாசனைக்குத் தூரத்தில் நின்றவர்களும் தட்டோடு நெருங்கினார்கள். அவள் யாருக்கும் கொடுக்கவில்லை. ஒன்றை எடுத்துக்கொண்டு, அத்தனை பேரையும் தாண்டி போர்மேனிடம் போனாள்.

"வெட்டுங்க சார்."

வெட்டினார். ஒரு பாதியைப் பக்கத்தில் வைத்தார். (அதுதான் பிறகு என் வயிற்றுக்குள் போனது.) மறுபாதியைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு வெர்னியரை உருவி, சட்டை நுனியில் துடைத்து, வளையத்தில் வைத்தார்.

"எட்டு மில்லி." திருப்பினார். "எட்டு." மறுபடி. "எட்டரை."

"அங்கதான் மூடினேன்."

கடைசிப் பக்கம். "எட்டு."

கொழுந்தன் "அண்ணி" என்றான்.

போர்மேன் வெர்னியரை மூடினார். "ஒண்ணு குருட்டாம்போக்குல அமையும்மா."

அவள் திரும்பிப் போனாள். மீதி பதினேழையும் அடுக்கிய தட்டை அந்த வலது கையிலேயே ஏந்திக்கொண்டு வந்தாள்.

"எத வேணும்னாலும் எடுங்க."

7

முடிவுகள் மூன்று வைத்திருந்தேன்.

ஒன்றில் போர்மேன் கண் கலங்கி, திங்கட்கிழமை பூட்ஸ் போட்டு அச்சு வேலைக்கு வா என்கிறார். இனிப்பான முடிவு. ஆனால் அதோடு இது அவர் கதையாகிவிடும். இரண்டாவதில், அடுத்து வெட்டிய முட்டையில் கோர் ஒதுங்கியிருக்கிறது. வாழ்க்கை அப்படித்தான் என்று தலையாட்ட ஆள் கிடைக்கும். ஆனால் முதல் முட்டையின் பாதியைத் தின்றவன் நான், என் வாய் அதற்கு ஒப்பவில்லை. மூன்றாவதில் அவள் —

வேண்டாம். இங்கேயே நிறுத்துகிறேன். தட்டில் பதினேழு முட்டை ஆவி பறக்க இருக்கிறது. தட்டு ஆடவில்லை. அவள் முட்டையையும் பார்க்கவில்லை, போர்மேனையும் பார்க்கவில்லை. அவர் தோளுக்குப் பின்னால் அடுக்கியிருக்கும் இரும்புப் பெட்டிகளில் எதை முதலில் இறக்குவது என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

கத்தியின் பிடி உங்கள் பக்கம் இருக்கிறது. விருப்பமானதை எடுங்கள், எங்கே வேண்டுமானாலும் வெட்டுங்கள், எத்தனை தடவை வேண்டுமானாலும் அளந்து பாருங்கள். பட்டியலில் கடைசி வரி இன்னும் காலியாக இருக்கிறது. போர்மேன் பையில் இருப்பது வெர்னியர்தான். பேனா உங்களிடம் இருக்கிறது.