சலவை இயந்திரத்தின் பின்னால்

...சமையலறைத் தொட்டியாக இருக்க முடியாது, நேற்றே சோடா உப்பும் வினிகரும் ஊற்றி, நுரை அடங்கியதும் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் விட்டாயிற்று, கழிப்பறையும் இல்லை, குழாய்க்காரர் வந்து பீங்கானையே தூக்கி அடியில் புதிதாகப் பூசிவிட்டுப் போனார், அப்புறமும் காலையில் கண் விழித்ததும் மூக்கில் முதலில் ஏறுவது அதுதான், அழுகிய முட்டையும் ஈரச் சாக்கும் கலந்த மாதிரி ஒரு சாக்கடை நாற்றம்... எங்கிருந்துதான் வருகிறது? முழங்கால் கடுக்கக் குளியலறைத் தரையில் உட்கார்ந்து, தண்ணீர் போகும் ஓட்டையின் மேல் பிளாஸ்டிக் தாளை விரித்து ஒட்டிக்கொண்டிருந்தாள் சுஹைர். எந்த ஓட்டையை மூடினால் நாற்றம் குறைகிறது என்று பார்த்துவிடலாம், இது அவளாகவே யோசித்த வழி, இந்த வீட்டில் யோசிக்க வேறு யார் இருக்கிறார்கள்? கூடத்தில் அவள் கணவர் ஷவ்கி செய்தித்தாள் புரட்டும் சத்தம் கேட்டது. "நாத்தமா? எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்று வாரக்கணக்காக ஒரே பாட்டு. நேற்று ஒருபடி மேலே போய், "உனக்கு மனசுலதான் ஏதோ நாறுது, கார்னீஷ் பக்கம் போய்க் கடல் காத்து வாங்கிட்டு வா" என்றார். மனசில் நாறுகிறதாம். மாடி வீட்டு நெஃபீசா முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ன சுஹைர், உங்க வீட்டுல ஏதாவது செத்துக் கிடக்கா?" என்று படிக்கட்டில் கேட்டாளே, அதுவும் என் மனசுதானா? அன்றைக்கு அவமானத்தில் செத்தது நான்தான்...

மூடியும் குறையவில்லை. அப்படியென்றால் பின்பக்க பால்கனி, அங்கே சலவை இயந்திரத்தைத் தவிர என்ன இருக்கிறது, அவள் முகர்ந்துகொண்டே போனாள், போகப் போக அடர்ந்தது, சே, மோப்ப நாய் மாதிரி ஆகிவிட்டோமே, மூக்கை வைத்துப் பிழைக்கிறவர் அங்கே காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். காப்பிக்கொட்டை வறுக்கிற கடை, அவருடைய அப்பா காலத்துக் கடை, மூடிய பொட்டலத்தை முகர்ந்தே ஏலக்காய் எவ்வளவு விழுந்தது என்று சொல்லிவிடுவார், அப்பேர்ப்பட்டவருக்கு இது வரவில்லையாம், குழாய்க்காரரை மறுபடி கூப்பிடச் சோம்பல், வேறென்ன? கடையிலும் அதே அலட்சியம்தான் போல, பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் கருகல் வாடை என்று பொட்டலத்தைத் திருப்பிக் கொண்டுவந்தாராம், கொட்டையில ஏமாத்திட்டாங்க என்று வீட்டுக்கு வந்து இவளிடம் இரைந்தார்... இயந்திரத்தைத் தோளால் முட்டி நகர்த்தினாள். பின்னால், தூசிக்கு நடுவே, தரையில் ஒரு துருப்பிடித்த சல்லடை மூடி. அதை நெம்பி எடுத்ததும் நாற்றம் முகத்தில் அறைந்தது. டார்ச் அடித்துப் பார்த்தாள், உள்ளே காய்ந்து கிடந்தது. அட, இவ்வளவுதானா... பழைய இயந்திரத்தின் அழுக்குத் தண்ணீர் இதற்குள்தான் போகும், புதிது வந்தபோது அதன் குழாயைத் தொட்டியோடு சேர்த்துவிட்டார்கள், அதற்குப் பிறகு இதில் ஒரு சொட்டு விழவில்லை, அடிக்குழாய் வளைவில் நின்று கீழ்க்காற்றை மறித்துக்கொண்டிருந்த தண்ணீர் வற்றிவிட்டது, சாக்கடை நேராக வீட்டுக்குள் மூச்சு விடுகிறது. ஒரு வாளித் தண்ணீர் போதும், மேலே ஒரு கரண்டி எண்ணெய் விட்டால் சீக்கிரம் வற்றாது. ஆனால் ஊற்றுவதற்கு முன் அவர் இதை முகர்ந்தாக வேண்டும், என் மனசு எங்கே இருக்கிறது என்று பார்க்கட்டும்.

"இங்க வாங்க. குனிஞ்சு பாருங்க."

அவர் வந்தார், முனகியபடி மண்டியிட்டார், ஓட்டைக்கு ஒரு சாண் மேலே முகத்தை வைத்து மூச்சை இழுத்தார். முகம் சுளிக்கவில்லை. கண்ணில் நீர் வரவில்லை. முக்காட்டை மூக்கில் அழுத்தியிருந்த அவளை நிமிர்ந்து பார்த்தார், பார்த்த பிறகுதான், "ம்ம்... லேசா இருக்கு போல" என்றார். லேசாகவா? இப்படி முகத்தை அசையாமல் வைத்திருக்க எந்த மனிதனாலும் முடியுமா? வாளியைக் கொண்டுவந்தாள், ஊற்றவில்லை, ஓட்டைக்கு அருகே சத்தம் கேட்கத் தரையில் வைத்தாள். அவர் கூடத்துக்குத் திரும்பியிருந்தார்.

"ஊத்திட்டேன். போயிடுச்சுல்ல?"

நெஞ்சு விரிய ஒரு மூச்சு இழுக்கும் சத்தம். "ஆமா. இப்பதான் வீடு வீடா இருக்கு. உனக்குக் கெட்டிக்கார மூளைதான், போ."

காய்ந்த ஓட்டையிலிருந்து நாற்றம் குமட்டிக்கொண்டு வந்தபடியே இருந்தது. எப்போதிருந்து இவர் மூக்கு இப்படி? குளிர்காலத்தில் காய்ச்சலில் கிடந்தாரே, அப்போதிருந்தா? முலூகியாக் கீரைக்குப் பூண்டும் கொத்தமல்லியும் தாளிக்கும்போது வாசல்படியில் நின்று, "வாசம் தெருமுனை வரைக்கும் வருது" என்பாரே, எண்ணெயில் சடசடக்கிற சத்தத்தைக் கேட்டுத்தான் சொன்னாரா? தட்டின் முன் உட்கார்ந்ததும் முதலில் என் முகத்தைப் பார்ப்பாரே, இந்த வயசில் இப்படி ஒரு ஆசையா என்று உள்ளுக்குள் குளிர்ந்தேனே... யாரிடமும் சொல்லாமல், கருகுகிறதா இல்லையா என்று தெரியாமல், தினமும் அந்த வறுக்கிற அடுப்பின் முன்னால் தனியாக... வாளியை மெதுவாகக் கவிழ்த்தாள். தண்ணீர் குடகுடவென்று இறங்கியது, எண்ணெய் விட மறந்துபோனாள். முன்கதவருகே அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"இருங்க, நானும் கடைக்கு வரேன்."

"நீயா? அங்க உனக்கு என்ன வேலை?"

"சும்மாதான். வறுக்கறப்ப பக்கத்துல நிக்கலாம்னு."

அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல், படிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டதோ... சுஹைர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவருக்கு முன்னால் படியிறங்கினாள்.