அரைப் புள்ளித் திறப்பு

ஈஸ்வரபாண்டி பணி ஓய்வு பெற்று ஏழு வருடமாகியும், அவருக்குள் இருந்த உதவிப் பொறியாளர் ஓய்வு பெறவில்லை. ஒரு கிளை வாய்க்காலில் முப்பத்தொரு வருடம் மதகு ஷட்டர் ஏற்றி இறக்கிய உத்தியோகம். கையால் ஏற்றி இறக்கியவர்கள் லஸ்கர்கள். எத்தனை புள்ளி திறக்க வேண்டும் என்று சொன்னவர் இவர். தேவாரம் ஊரில் வீடு கட்டிக் குடிவந்த பிறகு ஷட்டர் இல்லாத குறையை வீட்டிலேயே தீர்த்துக்கொண்டார். சாம்பாருக்குப் புளி எத்தனை கிராம், தொட்டியில் தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர் என்று மனைவி முனீஸ்வரியிடம் கேள்வி வந்துகொண்டே இருக்கும்.

"அவுக கேட்டா ஏதாவது ஒரு நம்பரச் சொல்லிரணும். எந்த நம்பரா இருந்தாலும் சரி. நம்பர் இல்லாட்டித்தான் கோவம் வரும்" என்று முனீஸ்வரி பக்கத்து வீட்டில் சொல்லிவைத்திருந்தாள். புளியை அவள் கையால்தான் கிள்ளிப் போட்டாள். இருபத்திரண்டு கிராம் என்று வாயால் சொன்னாள்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு விழா வந்தது. கடைமடை விவசாயிகள் சங்கத்தின் ஆண்டு விழா, ஞாயிற்றுக்கிழமை காலை, பஜார் கல்யாண மகாலில். சங்கத்தார் முதலில் பணியில் இருக்கும் அதிகாரி ஒருவரைத்தான் கேட்டார்கள். அவருக்கு அன்றைக்கு மூன்று கல்யாணம். ஆகவே ஈஸ்வரபாண்டியைக் கௌரவிப்பது என்று ஒருமனதாக முடிவானது. செயலாளர் பலவேசம் வீட்டுக்கே வந்து, "ஐயாவுக்கு என்ன பட்டம் போடலாம்?" என்று கேட்டார். பட்டத்தில் எல்லாம் தனக்கு நாட்டமில்லை என்று சொல்லி அனுப்பிய ஈஸ்வரபாண்டி, மூன்று நாள் கழித்துத் தானே போன் போட்டு, "நீரளவைச் செம்மல்னு போட்டுக்கங்க" என்றார்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஃப்ளெக்ஸ் ஏறியது. பத்தடிக்கு எட்டடி. ஆறு வருடத்துக்கு முந்தைய போட்டோ. முடி கறுகறுவென்று, காதோரம் கத்தரித்து, கண்டிப்பாக இருந்தது. ஃப்ளெக்ஸ் கடைக்காரர் தன் பங்குக்கு நெற்றிப் பக்கம் கொஞ்சம் நாற்றும் நட்டிருந்தார். ஈஸ்வரபாண்டி சாலையின் மறுபக்கம் நின்று அதை வெகுநேரம் பார்த்தார். மேடையில் பின்னாலும் இதே ஃப்ளெக்ஸ் இருக்கும், முன்னால் தான் உட்கார வேண்டும். இரண்டு தலையும் ஒன்றாக இருந்தாக வேண்டும். சாயம் வாங்கியாயிற்று. காதோரம் வளர்ந்து கிடப்பதை ஒரு நூல் குறைத்தால் போதும்.

அதற்குத்தான் கர்ணன் கடைக்குப் போனார். கர்ணன் பத்து வருடம் நெடுங்கண்டத்தில் சலூன் வைத்திருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். வாடிக்கையாளர் எல்லாரும் அவருக்கு மலையாள பாணியில் 'சாரே'தான்.

"ஷார்ட்டா மீடியமா சாரே?"

"மீடியம்னா எத்தனை மில்லிமீட்டர்?"

"மீடியம்னா மீடியந்தான் சாரே. கண்ணு பாத்துச் சொல்லும்ல."

"கண்ணு ஒரு அளவுகோலா?" என்று கேட்டபடி ஈஸ்வரபாண்டி எழுந்தார். கழுத்தில் கட்டிய துணியோடு வாசல் வரை வந்து, அங்கே அவிழ்த்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை கூரியரில் ஒரு பெட்டி வந்தது. முடி வெட்டும் மிஷின். கைக்கு அடக்கமாக, கறுப்பாக இருந்தது. முனையில் பிளேடு, அதற்கு மேலே ஒரு பிளாஸ்டிக் சீப்பு, நடு உடம்பில் ஒரு சக்கரம். சக்கரத்தைக் கட்டைவிரலால் உருட்டினால் 'டிக்' என்று ஒரு சத்தம். சீப்பு அரை மில்லிமீட்டர் மேலே ஏறும். அரையில் ஆரம்பித்துப் பத்து வரை பத்தொன்பது டிக். சின்னக் கண்ணாடிக்குள் நம்பர் தெரியும். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் ஈஸ்வரபாண்டியின் முகம் போன போக்கை முனீஸ்வரி கல்யாணமான புதிதில்கூடப் பார்த்ததில்லை.

"இங்கன வா. இது என்னன்னு நினைக்கிற?"

"முடி வெட்டுற மிஷினு."

"ஷட்டர். முழுக்க முழுக்க ஷட்டர். இந்தா, சக்கரத்தத் திருகுனா பலகை மேல ஏறுது. பலகைக்கும் பிளேடுக்கும் நடுவுல திறப்பு. திறப்பு கூடுனா நிறைய முடி உள்ள போகும், நிறைய வெட்டும். திறப்பு குறைஞ்சா கொஞ்சம் வெட்டும். பத்துன்னா முழுத் திறப்பு. அரைன்னா கசிவு."

பெட்டிக்குள் குறிப்புப் புத்தகம் ஒன்று இருந்தது. முப்பத்தொரு வருடம் ஷட்டர் பார்த்தவனுக்கு ஷட்டரைப் பற்றிப் புத்தகமா என்று அதைப் பிரிக்காமலே சோப்பு டப்பாவுக்கு அடியில் வைத்தார்.

முனீஸ்வரி மிஷினை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினாள். அவளுக்கு ஷட்டர் தெரியாது. ஆனால் சீப்பு கீழே இறங்க இறங்கப் பிளேடு வெளியே பல்லைக் காட்டுவது அவளுக்குச் சரியாகப் படவில்லை.

"ஏங்க, தேங்கா மட்டை கெடக்கு. அந்த நாருல ஒருக்கா ஓட்டிப் பாத்துக்கிருவமா?"

"செம்மல்னு பட்டம் வாங்கப்போறவன் தலையும் தேங்கா மட்டையும் ஒண்ணா உனக்கு?"

அவள் மிஷினைத் திருப்பிக் கொடுத்தாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பின்வாசலில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போடப்பட்டது. ஈஸ்வரபாண்டி பனியனோடு உட்கார்ந்து, சக்கரத்தைத் தன் கையாலேயே உருட்டி அரையில் நிறுத்தி, கண்ணாடி போட்டு ஒரு முறை, கண்ணாடியைக் கழற்றி ஒரு முறை நம்பரைச் சரிபார்த்து, முனீஸ்வரியிடம் ஒப்படைத்தார்.

"பிடரியில ஆரம்பி. ஒரே சீரா மேல போ. நடுவுல நிறுத்தாத. நிறுத்துனா வரம்பு விழுந்துரும்."

மிஷின் உறுமியது. முனீஸ்வரி பிடரியில் வைத்து நாலு விரல்கடை மேலே ஏற்றினாள். ஒரு சுருள் முடி, பூனைக்குட்டி அளவுக்கு, அவள் கால்மாட்டில் விழுந்தது. அவள் நிறுத்தினாள்.

"ஏன் நிறுத்திட்ட?"

"ஏங்க... கொஞ்சம் நெறையப் போகுதோன்னு..."

"அரைக்குக் கீழ திறப்பே கிடையாது. ஓட்டு!"

நாற்பது வருடமாக 'ஓட்டு' என்றால் ஓட்டித்தான் அவளுக்குப் பழக்கம். ஓட்டினாள். உச்சி வரைக்கும் ஒரே சீராக, நடுவில் நிறுத்தாமல், கை நடுங்காமல் போய் நெற்றியில் கரையேறினாள்.

தொட்டிப் பக்கமிருந்து காற்று வந்தது. ஈஸ்வரபாண்டிக்கு அது தலையின் நடுவில் மட்டும் பட்டது. கையை வைத்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் பயிர். நடுவே தலைமதகிலிருந்து கடைமடை வரைக்கும் தூர்வாரிய வாய்க்கால்.

"மிஷின் கோளாறு" என்றார் முதலில். சிறிது நேரம் கழித்து, "நீ தலைகீழாப் பிடிச்சிட்ட" என்றார். அப்போது போன் அடித்தது. பலவேசம்.

"ஐயா, ஃப்ளெக்ஸப் பாத்துட்டு சனம் நின்னு நின்னு போகுதுய்யா! அந்த முடியையே எல்லாரும் பேசுறாக!"

ஈஸ்வரபாண்டி போனை வைத்துவிட்டுத் தொட்டித் தண்ணீரில் தலையைப் பார்த்தார். பிறகு கர்ணனைக் கூப்பிடும்படி மனைவியிடம் சொன்னார். தான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார்.

கர்ணன் பையோடு வந்தார். சுற்றிவந்து பார்த்தார். சிரிக்கவில்லை.

"இத யாரு ஓட்டுனது?"

"நாந்தான் தம்பி."

"கையி நூல் பிடிச்சாப்ல போயிருக்கு யக்கா. எங்கடையில ஒரு சேர் காலியா இருக்கு." பிறகு மிஷினை எடுத்து நம்பரைப் பார்த்தார். "அரையில வச்சிருக்கீக."

"அரைன்னா கசிவுதானே?" என்றார் ஈஸ்வரபாண்டி.

கர்ணன் தொட்டி ஓரம் கிடந்த தேங்காய் மட்டையை எடுத்தார். சக்கரத்தைப் பத்துக்கு உருட்டி ஓட்டினார். நாரெல்லாம் சிலிர்த்துக்கொண்டு அப்படியே நின்றது. அரைக்கு இறக்கி ஓட்டினார். மட்டை மழமழவென்று ஆனது. முனீஸ்வரி கணவரைப் பார்க்காமல் அடுப்படிப் பக்கம் பார்த்தாள்.

"சீப்பு தலையில உக்காந்துக்கிரும் சாரே. சீப்பு ஒசந்தா பிளேடு தூரமாப் போயிரும். வெட்டுனதுபோக மிச்சம் எம்புட்டு நிக்கிதோ அதான் நம்பரு. ஓடுற தண்ணியக் காட்டல, நிக்கிற தண்ணியக் காட்டுது."

ஈஸ்வரபாண்டி மட்டையை வாங்கித் தடவிப் பார்த்தார். முப்பத்தொரு வருடத்தில் ஒரு லஸ்கர்கூட அவருக்கு இவ்வளவு தெளிவாக எதையும் சொன்னதில்லை. சொல்ல அவர் விட்டதுமில்லை.

"இப்ப என்ன செய்யலாம்?"

"மொட்டதான். வேற வழி இல்ல."

"மீசை?"

"மீசைய விட்டுருவம். அதையும் எடுத்தா, வீட்ல யாரு போயிட்டாகன்னு கேதம் கேக்க வந்துருவாக."

ஞாயிற்றுக்கிழமை மகால் வாசலில் பலவேசம் மாலையோடு நின்றார். தலைக்கு மேலே அதே படத்தோடு இன்னொரு ஃப்ளெக்ஸ். ஈஸ்வரபாண்டியும் முனீஸ்வரியும் ஆட்டோவிலிருந்து இறங்கிக் கிட்டே வந்ததும், பலவேசம் அவரைத் தாண்டி எட்டிப் பார்த்து, "ஐயா பின்னாடி வாராகளா?" என்று கேட்டார்.

"நான்தான்யா."

குரலைக் கேட்ட பிறகுதான் மாலை கழுத்துக்கு வந்தது. அது இப்போது காதில் சிக்காமல் சுலபமாக இறங்கியது. பலவேசம் ஃப்ளெக்ஸை ஒரு முறை பார்த்தார், தலையை ஒரு முறை பார்த்தார்.

"என்னங்கய்யா திடீர்னு? பழனியா, வீரபாண்டியா?"

முனீஸ்வரி கணவரின் முகத்தைப் பார்த்தாள். தன்னைப்போலவே அவரும் ஏதாவது ஒரு நம்பரைச் சொல்லிவிடப்போகிறார் என்பது அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

"வீரபாண்டி மாரியம்மனுக்கு" என்றார் ஈஸ்வரபாண்டி. "கடைமடைக்குத் தண்ணி வரணும்னு நேந்துக்கிட்டேன். வெளிய சொல்ல வேணாம்னு பாத்தேன்."

வெளியே சொல்ல வேண்டாம் என்றதைப் பலவேசம் மைக்கில் சொன்னார். கைதட்டல் எழுந்தது. பட்டம் கொடுத்தார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். பதிலுரையில் ஈஸ்வரபாண்டி, நேற்றுவரை தன் தலையில் சராசரியாக இருபத்தெட்டு மில்லிமீட்டர் முடி இருந்ததாகவும், அதில் ஒரு மில்லிமீட்டரைக்கூடத் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை என்றும் சொன்னபோது இரண்டாவது வரிசை எழுந்தே நின்றது. முனீஸ்வரி பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து, விரலிடுக்கில் ஒட்டியிருந்த சாயத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். வாங்கின சாயம் வீணாகப் போகக் கூடாதென்று காலையில் அவர் மீசைக்குப் போட்டுவிட்டிருந்தாள்.

உரை முடிந்ததும் அவள் பக்கத்து நாற்காலியிலிருந்து சங்கிலியம்மாள் எழுந்தாள். வாய்க்காலின் கடைசி மடையில் ஒன்றே கால் ஏக்கர் வைத்திருப்பவள். எழுந்தும் உட்கார்ந்த உயரம்தான்.

"நான் ஒண்ணு சொல்லணும். சாரு உத்தியோகத்துல இருக்கப்ப ரெண்டு புள்ளி தெறங்கன்னு காலுல விழுந்தா, அரைப் புள்ளி தெறப்பாரு. இன்னைக்கி எங்களுக்காகத் தலைய முழுசாத் தெறந்துவிட்டுட்டாரு. நல்லா இருக்கட்டும்."

கூட்டம் சிரித்தது. ஈஸ்வரபாண்டியும் மேடையில் சிரித்தார்.

"ஆனா ஒண்ணு கேக்கேன். நேந்துக்கிட்டா, காரியம் பலிச்ச பெறகுல்ல முடி எறக்கணும்? எம் மகனுக்கு நேந்தப்ப அவன் எந்திரிச்சு நடந்த பெறகுதான் எறக்குனோம். இவுக தண்ணி வர முந்தியே எறக்கிட்டாக. இது கணக்குல சேராதே. தண்ணி வந்த பெறகு இன்னொருக்கா எறக்கணும்ல?"

"எறக்கணும், எறக்கணும்" என்றது பெண்கள் பக்கம். ஆண்கள் பக்கம் யோசித்துவிட்டு அதையே சொன்னது.

பலவேசம் செயலாளர். எது கையில் கிடைத்தாலும் தீர்மானமாக்கிவிடுவது அவர் வழக்கம். கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரும் ஒவ்வொரு போகத்துக்கும் நீரளவைச் செம்மல் அவர்கள் முடி இறக்குவார்கள் என்று அங்கேயே எழுதி வாசித்தார். கைகள் உயர்ந்தன. முனீஸ்வரியும் தூக்கினாள்.

ஈஸ்வரபாண்டி மைக்கைப் பிடித்தார். "தண்ணி வந்துச்சுன்னா எப்படி? எந்த அளவுன்னு வரையறுக்கணும்."

"எங்காட்டுல நான் நின்னா கணுக்கால் நனையணும். அம்புட்டுத்தான்" என்றாள் சங்கிலியம்மாள். திருத்தம் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

அந்த வருடம் மழை தவறவில்லை. ஐப்பசியில் ஒரு நாள் காலை, ஈஸ்வரபாண்டி கண்ணாடி முன்னால் ஸ்கேலை வைத்துப் பதினெட்டு மில்லிமீட்டர் என்று மனைவியிடம் அறிவித்துக்கொண்டிருந்தபோது போனில் ஒரு போட்டோ வந்தது. கலங்கிய தண்ணீர், அதில் ஒரு கறுத்த கால், கொலுசு முங்கியிருந்தது. பின்னாலேயே பலவேசத்தின் குரல்: "ஐயா, வந்துருச்சுய்யா! சங்கமே ஜீப்புல வருது. வீரபாண்டிக்குப் போறம். கர்ணனுக்கும் சொல்லியாச்சு."

ஈஸ்வரபாண்டி போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இது செல்லாது. கணுக்கால்ங்கிறது ஆளுக்கு ஆள் மாறும். அந்தம்மா குட்டை. சராசரி கணுக்கால் எடுத்தா இன்னும் நாலு சென்டிமீட்டர் வேணும்."

முனீஸ்வரி அலமாரியைத் திறந்து மிஷினை எடுத்தாள். கட்டைவிரலால் சக்கரத்தை உருட்டினாள். டிக், டிக் என்று அது கடைசி வரை இறங்கி நின்றது. மிஷினை ஒரு துணியில் சுற்றிக் கூடையில், தேங்காய் பழத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

வாசலில் ஜீப் ஹாரன் கேட்டது.

"எத்தனையில வச்சிருக்க?" என்று கேட்டார் ஈஸ்வரபாண்டி.

"அரையில" என்றாள். இந்த முறை நம்பர் சரியாகவே இருந்தது.