கணவன் வீட்டுப் பெயர்

துபாயில் இரண்டு வங்கிகளின் கடன் அட்டைகளைக் கட்டாமல் விட்டு, விடுப்பு என்று சொல்லி ஊருக்கு வந்த ஜோவலின் மக்பானுவா திரும்பிப் போகவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, அதே நகரத்தின் ஓர் ஓட்டலில் அறைகளைத் துப்புரவு செய்யும் பெண்களுக்கு மேற்பார்வையாளராக அவளுக்கு வேலை கிடைத்தது. அங்கே போய்ச் சம்பாதித்தால்தான் அங்குள்ள கடன் தீரும். கடன் தீராமல் அங்கே இறங்கினால் பிடித்துவிடுவார்கள். சொந்த ஊரான மியாகாவில் ஒரு மருந்துக்கடையில் அவள் வாங்கிய சம்பளம் வட்டிக்குக்கூடக் காணாது.

முன்பு துபாயில் அவளுடைய அடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டில் படுத்திருந்த மேர்லிதான் தொலைபேசியில் வழி சொன்னாள்.

"இன்னும் கல்யாணம் ஆகாதவதானேடி நீ? ஒருத்தனைக் கட்டிக்கோ. அவன் பேரைப் போட்டுப் புது பாஸ்போர்ட் எடு. பேங்குக்காரன் மக்பானுவாவைத்தானே தேடுவான்? பக்கத்து ரூம் பொண்ணு ஒருத்தி அப்படித்தான் திரும்பி வந்தா."

"அவ வந்ததை நீ பாத்தியா?"

"எல்லாரும் சொல்றாங்க."

மணமானால் தந்தையின் பெயர் நடுவே ஒதுங்கும். கணவனின் பெயர் கடைசியில் வந்து அமரும். கடைசிப் பெயரைத் தாண்டி எவரும் பார்க்கமாட்டார்கள் என்று ஜோவலின் நம்ப விரும்பினாள், நம்பினாள்.

ரோடெல் சுமகாய்சாய் ஜீப்னி என்னும் சிறு பேருந்துகளுக்குக் கூடு கட்டும் பட்டறையில் வெல்டர். பள்ளியில் அவளோடு படித்தவன். மணந்துகொள்ளும்படி அவளை மூன்று முறை கேட்டிருந்தான். மூன்று முறையும் அவள் சிரித்துவிட்டு நகர்ந்திருந்தாள். இம்முறை அவளே பட்டறைக்குப் போனாள். அவன் முகமூடியைத் தூக்கினான்.

"வெயில்லயா நடந்து வந்தே? உக்காரு."

"உக்கார வரலை. ஜூலைக்குள்ள என்னைக் கட்டிக்கிறியா?"

"எந்த வருஷத்து ஜூலை?"

உடனிருந்த தொழிலாளர்கள் தகரத்தைத் தட்டி ஆரவாரம் செய்தனர். கடனைப் பற்றி அவனிடம் அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவன் சம்மதித்திருப்பான் என்பதை அவள் அறிவாள். அதனாலேயே சொல்ல வாய் வரவில்லை.

தாய் பாஸிங் அடுப்படியிலிருந்தே சண்டையைத் தொடங்கினாள்.

"உங்கக்கா பிப்ரவரியிலதான் கட்டினா. ஒரே வருஷத்துல அக்காவும் தங்கச்சியும் கட்டக் கூடாதுன்னு தெரியாதா? ஒருத்தி அதிர்ஷ்டத்தை இன்னொருத்தி தின்னுடுவா. ஜனவரி வரைக்கும் பொறுக்க மாட்டியா? வயித்துல ஏதாவது இருக்கா?"

"இருந்தா அதுவும் ஜனவரி வரைக்கும் பொறுக்காதும்மா."

"வாயப் பாரு. வேலைக்குப் போறதுக்கு முன்னாடி கல்யாணம் எதுக்குடி? போயிட்டு வந்து கட்டினா அவன் ஓடிடுவானா?"

தேவாலயத்தில் நடந்தால்தான் அது திருமணம், நகராட்சியில் மேயர் நடத்திவைப்பது கணக்கில் வராது என்று தாயே ஒரு சமாதானம் கண்டுபிடித்து அடங்கினாள்.

மேயர் முன் நிற்குமுன், மணமக்கள் சுகாதார நிலையத்து வகுப்பில் உட்கார வேண்டும். அங்கே மருத்துவச்சி ஒவ்வொரு ஜோடியிடமும் காரணம் கேட்டாள்.

"நீங்க ஏன்ப்பா கட்டிக்கிறீங்க?"

"மூணு தடவை நான் கேட்டேன் மேடம், ஒண்ணும் நடக்கலை. அவ ஒரே தடவை கேட்டா, மேயர் தேதியே குடுத்துட்டாரு" என்றான் ரோடெல். அறை சிரித்தது.

திருமணம் முடிந்தது. விருந்துக்கு ஒரு பன்றி. மேயரின் எழுத்தருக்கும் ஒரு தட்டுப் போனது. புதிய கடவுச்சீட்டு வந்தது. அதைக் காட்டியதும் விசாவும் வந்தது. சொந்தமாக வெல்டிங் இயந்திரம் வாங்கச் சேர்த்திருந்த பணத்தை, அவளை வேலைக்கு அனுப்பும் முகவருக்கு ரோடெல் கட்டினான். கடவுச்சீட்டில் தன் பெயரை விரலால் தடவி, "என் பேரு ப்ளேன்ல போகுது, நான் போகலை" என்றான்.

துபாயில் குடிவரவு மேசையில் இருந்த இளைஞன் மரியாதையாகவே பேசினான். "கண்ணாடியைக் கழட்டுங்க. இங்க பாருங்க. கண்ணை நல்லாத் திறங்க."

முதன்முறை வந்தபோதும் கண்ணைப் பதிவுசெய்யும் இத்தகைய கருவியொன்றைத் தான் பார்த்து நின்றது அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அவன் திரையைப் பார்த்தான், கடவுச்சீட்டைப் பார்த்தான்.

"மக்பானுவா?" என்று கேட்டான்.

பிற்பகலுக்குள் காவல் நிலையத்தில் எல்லாம் தெளிவாகிவிட்டது. பணத்தைக் கட்ட வேண்டும், அல்லது தவணையில் கட்ட வங்கிகள் உடன்பட வேண்டும். அதுவரை நாட்டைவிட்டு வெளியேற முடியாது. ஓட்டல் விசாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகவே வேலை பார்க்கவும் முடியாது. பெண் காவலர் தொலைபேசியை நீட்டி, சுருக்கமாகப் பேசச் சொன்னாள்.

"இறங்கிட்டியா? ப்ளேன்ல சோறு போட்டாங்களா?" என்றான் ரோடெல்.

அவள் சொன்னாள். கடன், மேர்லி, பெயர், கண், ஒன்றும் விடாமல் வரிசையாகச் சொன்னாள். மறுமுனையில் அவன் பட்டறைச் சத்தத்திலிருந்து விலகி வந்தான்.

"அப்போ வேற எவன் பேரா இருந்தாலும் சரிதானா?"

இல்லை என்று சொல்ல வேண்டும். இன்னும் இரண்டு பேரை அவள் நினைத்துப் பார்த்திருந்தாள். ஒருவன் கப்பலில் இருந்தான், மற்றவனுக்குத் திருமணம் ஆகியிருந்தது.

"உன்கிட்டதான் கேக்க முடிஞ்சது" என்றாள்.

"சரி."

"ரோடெல், வேணாம்னா விட்டுடு. நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

"எங்க விடுறது? பிரிச்சு விட நம்ம நாட்டுல சட்டம் இருக்கா? நீயோ நானோ செத்தாத்தான்." அவன் குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும். "முதலாளிகிட்ட முன்பணம் கேக்குறேன். எவ்வளவு?"

அவள் தொகையைச் சொன்னாள். அவன் திருப்பிக் கேட்டான். மறுபடியும் சொன்னாள்.

அவன் இணைப்பைத் துண்டிக்கவில்லை. பெண் காவலர் கையை நீட்டும்வரை ஜோவலின் தொலைபேசியைக் காதோடு பிடித்திருந்தாள்.